எழுதப் பொருள் தராத கேள்வி

1913-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தேர்வுக் குழு, ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்களுக்காக ஒரு தேர்வைத் தொடங்கியது. வெளிநாடுகளில் ஆங்கிலம் கற்பிக்க விரும்புவோருக்குச் சான்றிதழ் தருவது அதன் நோக்கம். கட்டணம் 3 பவுண்டு. பிரெஞ்சு அல்லது ஜெர்மன் மொழிபெயர்ப்பு, இலக்கணம், இலக்கியம், ஒலியியல், சொல்வதெழுதல், உரையாடல் எல்லாம் சேர்த்து 12 மணி நேரம். அந்த முதல் ஆண்டில் எழுதியவர்கள் மூன்றே பேர், மூவருமே தேறவில்லை. கட்டுரைத் தாளுக்கு மட்டும் 2 மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். கொடுத்த தலைப்புகளில் ஆங்கிலக் கவிஞர் மேத்யூ ஆர்னால்டு இருந்தார். எலிசபெத் காலத்துக் கடற்பயணங்கள் இருந்தன. உள்ளாட்சி முறை வளர்ந்த கதை இருந்தது. இந்தியச் சிப்பாய்க் கலகமும் இருந்தது. இந்தத் தாளுக்குத் தயாராவது எப்படி என்று யாரும் யாரையும் கேட்டிருக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தின் வரலாற்றையும் இலக்கியத்தையும் ஆண்டுக்கணக்கில் படித்திருந்தால் எழுதலாம். இல்லையென்றால் எழுத முடியாது. கேட்கப்பட்ட அறிவு கொடூரமாக ஒரு பக்கம் சாய்ந்தது என்பது உண்மை. ஆனாலும் எழுதுகிறவர் எதைப் பற்றியாவது அறிந்திருக்க வேண்டும் என்று அந்தத் தாள் எதிர்பார்த்தது.

இன்று வெளிநாடு செல்ல ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வை எழுதப்போகும் ஒரு செவிலியருக்கோ பொறியாளருக்கோ கோச்சிங் சென்டரில் முதலில் கிடைப்பது ஒரு டெம்ப்ளேட். கேள்வியில் உள்ள வாக்கியத்தையே சொற்களை மாற்றிப் போட்டு முதல் வரியாக எழுத வேண்டும். சிலர் இப்படி எண்ணுகிறார்கள், வேறு சிலர் அப்படி எண்ணுகிறார்கள் என்பது இரண்டாவது வரி. அடுத்த பத்தி 'ஃபர்ஸ்ட்லி' என்று தொடங்கும். ஒரு காரணம், அதற்கு ஒரு விளக்கம், 'ஃபார் எக்ஸாம்பிள்' போட்டு ஓர் உதாரணம். அதற்கடுத்தது 'ஆன் தி அதர் ஹேண்ட்'. முடிவில் 'டு கன்க்ளூட்'. கேள்வி மிருகக்காட்சிசாலையைப் பற்றியதாக இருந்தாலும் மதுவுக்கு வரி போடுவதைப் பற்றியதாக இருந்தாலும் சட்டகம் மாறாது. இதைக் கண்டு வருந்துகிறவர்கள் வழக்கமாக மாணவரைக் குறை சொல்கிறார்கள். அல்லது சொல்லிக்கொடுப்பவரின் வணிக புத்தியைக் குறை சொல்கிறார்கள். ஏறத்தாழ 170 ஆண்டுகளாக நடந்துவரும் ஆங்கில எழுத்துத் தேர்வுகளைப் புரட்டிப் பார்த்தால் குற்றவாளி வேறு என்று தெரிகிறது. மாணவர் எப்படித் தயாராகிறார் என்பதைக் கேள்விதான் தீர்மானித்திருக்கிறது. எழுதுவதற்கு ஒரு பொருளையும் படிப்பதற்கு ஓர் ஆளையும் கேள்வி கொடுத்தபோதெல்லாம் தயாரிப்பு என்பது எழுதப் பழகுவதாக இருந்தது. இரண்டையும் கொடுக்காதபோது மனப்பாடம்தான் மிச்சம்.

தொடக்கத்திலிருந்து பார்க்கலாம். இந்திய சிவில் சர்வீஸுக்கு ஆள் எடுக்க 1855-ல் லண்டனில் முதல் போட்டித் தேர்வு நடந்தது. அதற்கு முந்தைய ஆண்டு மெக்காலே தலைமையிலான குழு வகுத்த திட்டத்தில் ஆங்கிலக் கட்டுரைக்கு 500 மதிப்பெண் இருந்தது. சமஸ்கிருதத்துக்கும் அரபிக்கும் தலா 375-தான். அரைகுறையாகப் பல பாடங்களை விழுங்கிவிட்டு வருகிறவர்கள் ஜெயித்துவிடக் கூடாது என்ற கவலை அந்தக் குழுவுக்கு அப்போதே இருந்தது. நல்ல தேர்வாளர் மேலோட்டமான அறிவைக் கண்டுபிடித்துவிடுவார் என்று அவர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கை நெடுநாள் நிலைக்கவில்லை. சில ஆண்டுகளுக்குள் லண்டனில் இந்தத் தேர்வுக்கென்றே பயிற்சி நிலையங்கள் முளைத்தன. அவற்றில் பேர்பெற்றது பவிஸ் சதுக்கத்தில் வால்டர் ரென் நடத்தியது. சிவில் சர்வீஸ் பட்டியலில் இடம்பிடித்தவர்களில் பலர் அவரிடம் படித்தவர்கள். அரைகுறை அறிவைத் தண்டிக்க ஒவ்வொரு பாடத்திலும் குறிப்பிட்ட மதிப்பெண்ணைக் கழிக்கும் விதி பின்னர் வந்தது. பயிற்சி நிலையங்கள் அதற்கேற்பக் கணக்குப் போட்டு, எந்தப் பாடத்தை எடுக்கலாம், எதை விடலாம் என்று சொல்லிக்கொடுத்தன. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த மாணவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலத்தைத் தாய்ப்பாலோடு பருகிய இங்கிலாந்துப் பிள்ளைகள். சொந்த மொழியில் கட்டுரை எழுதவே அவர்களுக்குப் பயிற்சியாளர் தேவைப்பட்டார்.

சென்னையில் இந்தக் கதை இன்னும் கடுமையானது. பொது வேலைகளில் ஆங்கிலம் படித்தவர்களுக்கு முன்னுரிமை என்று 1844-ல் கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச் அறிவித்தார். 1857 செப்டம்பரில் சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்தது. லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து அமைத்ததால் அது பாடம் நடத்தவில்லை. தேர்வு மட்டுமே நடத்தியது. கல்லூரிகள் கற்பிக்கும், பல்கலைக்கழகம் சோதிக்கும் என்ற இந்தப் பிரிவினைதான் பின்னால் வந்த பல கேடுகளுக்கு வேர். திருத்துகிறவருக்கு மாணவரைத் தெரியாது. வகுப்பில் என்ன படித்தார்கள் என்றும் தெரியாது. கையில் இருப்பது ஒரு விடைத்தாள் மட்டும். அப்படிப்பட்ட வாசகருக்கு எழுதும்போது துணிச்சலாக எழுதுவது ஆபத்து; பழகிய தொடர்களை அடுக்குவது பாதுகாப்பு. பாடநூலை விட நோட்ஸையும் கைடையும் நம்பும் நிலை அப்படித்தான் உருவானது. 1902-ல் வைஸ்ராய் கர்சன் நியமித்த பல்கலைக்கழக ஆணையமும், தேர்வுக்குக் கற்பித்தல் அடிமையாகிவிட்டது என்பதையே இந்தியக் கல்வியின் தலையாய கேடாகச் சுட்டியது. இரண்டாண்டு கழித்து, 1904-ல், கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்த ஒரு மாணவர் ஆங்கிலக் காம்போசிஷனில் தவறி அந்த உதவித்தொகையை இழந்தார். அவர் பெயர் சீனிவாச ராமானுஜன். 1913 ஜனவரியில் அதே ராமானுஜன் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஜி.எச்.ஹார்டிக்கு எழுதிய கடிதம் உலகம் அறிந்தது. அந்த ஆங்கிலத்தில் நண்பர்களின் கை இருந்திருக்கலாம் என்பார்கள். இருக்கட்டும். தான் யார், என்ன வேலை, என்ன சம்பளம், எதைக் கண்டுபிடித்திருக்கிறேன், என்ன உதவி வேண்டும் என்று எல்லாவற்றையும் அந்தக் கடிதம் தெளிவாகச் சொல்லியது. அதில் சொல்வதற்குப் பொருள் இருந்தது. படிப்பதற்கு ஹார்டி இருந்தார். காம்போசிஷன் தாளில் இரண்டும் இல்லை.

தேர்வாளர்கள் முட்டாள்களா என்றால், இல்லை. அவர்களுக்கு ஒரு நெருக்கடி இருந்தது, அதைப் புரிந்துகொள்ளாமல் இந்த வரலாறு புரியாது. ஒரு கட்டுரையை இரண்டு பேர் திருத்தினால் ஒரே மதிப்பெண் வருவதில்லை. 1912-ல் டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் பள்ளி மாணவர்களின் ஆங்கில விடைத்தாள்கள் இரண்டை 142 ஆசிரியர்களைக் கொண்டு திருத்த வைத்தார்கள். ஒரே தாளுக்கு ஒருவர் 60-களில் மதிப்பெண் போட, இன்னொருவர் 98 போட்டார். அரை நூற்றாண்டு கழித்து, 1961-ல், டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வை இன்று நடத்தும் இ.டி.எஸ். நிறுவனத்தில் பால் டீட்ரிச்சும் இரண்டு சக ஆய்வாளர்களும் இதையே பெரிய அளவில் செய்தார்கள். கல்லூரி முதலாண்டு மாணவர்களின் 300 கட்டுரைகள். திருத்தியவர்கள் 53 பேர்: ஆங்கில ஆசிரியர்கள், விஞ்ஞானிகள், பத்திரிகையாசிரியர்கள், வழக்கறிஞர்கள், வணிக நிறுவன அதிகாரிகள். எப்படித் திருத்த வேண்டும் என்று எந்த விதியும் தரவில்லை. ஒன்பது தரங்களாகப் பிரிக்கச் சொன்னார்கள். 300 கட்டுரைகளில் 101 கட்டுரைகள் ஒன்று முதல் ஒன்பது வரை எல்லாத் தரங்களையும் பெற்றன. ஐந்துக்குக் குறைவான வெவ்வேறு தரங்களைப் பெற்ற கட்டுரை ஒன்றுகூட இல்லை. ஒருவர் கருத்தைப் பார்த்தார், ஒருவர் பிழைகளைப் பார்த்தார், ஒருவர் கட்டமைப்பை, ஒருவர் சொல்லாட்சியை, ஒருவர் நடையின் சுவையை. இத்தனை பேரும் நல்ல வாசகர்கள்தான். ஆனால் ஒருவருடைய விசா இந்த மதிப்பெண்ணில் தொங்குகிறது என்றால், 'வாசகர்கள் பலவிதம்' என்று சொல்லிவிட்டுப் போக முடியாது.

இதிலிருந்து தப்ப இரண்டு வழிகள் இருந்தன. எழுதச் சொல்லாமலே எழுத்துத் திறனை அளப்பது ஒன்று. 1964-ல் தொடங்கிய டோஃபல் அந்த வழியில்தான் போனது. வாக்கியத்தில் எந்தப் பகுதி பிழை என்று நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஒரு பத்திகூட எழுத வேண்டாம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குள் ஒரு தலைமுறையே இப்படி நுழைந்தது. பிறகு பேராசிரியர்கள், வருகிறவர்களுக்கு எழுத வரவில்லையே என்று முறையிட, 1986-ல் 30 நிமிடக் கட்டுரை ஒன்று சேர்ந்தது. 1998-ல் கணினி வழித் தேர்வு வந்தபோது இ.டி.எஸ். ஒரு காரியம் செய்தது: கேட்கப்படக்கூடிய கட்டுரைத் தலைப்புகள் 185-ஐயும் முன்கூட்டியே வெளியிட்டது. ஒளிவுமறைவு இல்லாமல் நடந்துகொள்ள வேண்டும் என்ற நல்லெண்ணம்தான். விளைவு என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 185 தலைப்புகளுக்கும் மாதிரிக் கட்டுரைகள் எழுதி விற்கப்பட்டன. மாணவர்கள் வரிசையாக மனப்பாடம் செய்தார்கள். தலைப்பு தெரிந்ததால் மட்டும் இது நடக்கவில்லை. நல்ல அண்டை வீட்டுக்காரர் எப்படி இருக்க வேண்டும் என்பது போன்ற கேள்விக்கு ஒருவர் படித்துத் தெரிந்துகொள்ள எதுவுமில்லை. சொந்தக் கருத்து என்று கேட்டாலும், திருத்துகிறவருக்கு அந்தக் கருத்தில் அக்கறை இல்லை. அப்புறம் யாரோ எழுதியதைச் சொந்தக் கருத்தாக ஒப்பிப்பதில் மாணவருக்கு என்ன கூச்சம் இருக்கும்?

இரண்டாவது வழி, கட்டுரையை எழுதச் சொல்லிவிட்டு, அதை அளப்பதற்குக் கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களை வகுப்பது. இதில்தான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் திருப்பம் ஒன்று நடந்திருக்கிறது. 1980-ல் பிரிட்டிஷ் கவுன்சிலும் கேம்பிரிட்ஜும் கொண்டுவந்த இ.எல்.டி.எஸ்., ஐ.இ.எல்.டி.எஸ்-ஸின் முன்னோடி. மருத்துவம், தொழில்நுட்பம், சமூகவியல், உயிரியல் என்று தேர்வரின் துறைக்கேற்ற பிரிவுகள் அதில் இருந்தன. கையில் ஒரு கட்டுரைத் தொகுப்பைக் கொடுப்பார்கள். அதைப் படித்து, அதிலிருந்து தகவல் எடுத்து எழுத வேண்டும். பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் செய்யப்போவதும் அதுதானே. 1989-ல் ஆஸ்திரேலியாவும் சேர்ந்து தேர்வு ஐ.இ.எல்.டி.எஸ். ஆனபோது துறைப் பிரிவுகள் மூன்றாகச் சுருங்கின. படித்ததை வைத்து எழுதும் வழக்கம் மட்டும் தொடர்ந்தது. 1995-ல் அந்தப் பிரிவுகளும் போயின. வாசிப்புத் தாளுக்கும் எழுத்துத் தாளுக்கும் இருந்த தொடர்பும் அறுந்தது. படித்துப் புரியாததால் எழுத்தில் மதிப்பெண் குறைகிறது, இரண்டு திறன்களும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அளவுகோலைச் சுத்தமாக வைத்துக்கொள்ள நினைக்கும் ஒருவருக்கு அது நியாயமான காரணம். ஆனால் படித்து, புரிந்து, எடுத்தாண்டு எழுதுவதுதான் எழுத்து. கலப்படம் என்று அவர்கள் களைந்தது எழுத்தின் உயிரை. மிஞ்சியது, 40 நிமிடத்தில் 250 சொற்களுக்குக் குறையாமல், எந்தத் தகவலும் தரப்படாத ஒரு பொது விஷயத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்லும் டாஸ்க் 2. கேள்விக்கு முழுமையான பதில் இருக்கிறதா, தொடர்ச்சி இருக்கிறதா, சொல்வளம், இலக்கணம் என்று நான்கு அளவுகோல்கள். 2018 வாக்கில் ஆண்டுக்கு 30 லட்சத்துக்கு மேற்பட்டோர் எழுதும் தேர்வாக அது வளர்ந்துவிட்டது. 'மோரோவர்', 'ஃபர்தர்மோர்' என்று வாக்கியத்துக்கு வாக்கியம் இணைப்புச் சொல் போடும் பழக்கம் அந்தத் தொடர்ச்சி என்ற அளவுகோலிலிருந்து பிறந்ததே. இணைப்புச் சொற்களை அளவுக்கு மீறிப் போட்டால் மதிப்பெண் குறையும் என்று அதே அளவுகோல்களின் விளக்கம் சொல்கிறது. ஆனால் எண்ணி அளக்க முடிந்ததை மாணவர் எண்ணித் தருவார். அதைத் தடுக்க முடியாது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் முதலாவது, மனப்பாடம் ஆசியர்களின் கல்விப் பழக்கம், எந்தக் கேள்வி கேட்டாலும் அவர்கள் அப்படித்தான் செய்வார்கள் என்பது. பவிஸ் சதுக்கத்தில் கட்டணம் கட்டிப் படித்த ஆங்கிலேய இளைஞர்களைப் பார்த்த பிறகும் இதைச் சொல்வது சரியல்ல. சீனாவின் அரசுத் தேர்வுகளில் மிங், சிங் வம்சங்களின் காலத்தில் எட்டு அங்கக் கட்டுரை என்ற கறாரான வடிவம் கோலோச்சியது. அங்கேயும் மாதிரிக் கட்டுரைத் தொகுதிகள் அச்சாகி அமோகமாக விற்றன. அந்தத் தேர்வு முறையே 1905-ல் ஒழிந்தது. அதைக் காட்டி, சீனர்களுக்கு அது ரத்தத்தில் ஊறியது என்பார்கள். நான் அதிலிருந்து எடுத்துக்கொள்வது வேறு. மதிப்பெண்ணில் வாழ்க்கை தொங்கும்போது, வடிவத்தை மட்டும் வைத்து அளக்கும் எந்தத் தேர்வும், எந்த மொழியில், எந்த நூற்றாண்டில் நடந்தாலும், மாதிரிக் கட்டுரை வியாபாரத்தை உண்டாக்கும்.

இரண்டாவது மறுப்பு கனமானது. டெம்ப்ளேட் ஏழைக்கு உதவுகிறது என்பது அது. வீட்டில் ஆங்கிலம் பேசாத, அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்த ஒருவருக்கு ஒரு பத்தியை எப்படிக் கட்டுவது என்று யாருமே சொல்லித் தந்ததில்லை. டெம்ப்ளேட் அதைச் சொல்கிறது. 1913-ன் மேத்யூ ஆர்னால்டு கேள்வியில் அவருக்கு வாசலே இல்லை. டாஸ்க் 2-ல் வாசல் இருக்கிறது. இதை நான் முழுமனதோடு ஏற்றுக்கொள்கிறேன். அளவுகோல்களை வெளியிட்டது பெரிய முன்னேற்றம். எதற்காக மதிப்பெண் குறைந்தது என்று அந்தக் காலத்துச் சென்னைப் பல்கலைக்கழக மாணவருக்குத் தெரிய வழியே இருந்ததில்லை. ஆனால் இந்த உதவி எதுவரை போகிறது என்று பார்க்க வேண்டும். டெம்ப்ளேட் ஒருவரை 5.5, 6 வரை கொண்டுபோகிறது. அதற்கு மேலே வேண்டும் என்றால் சட்டகத்தை விட்டு வெளியே வந்து யோசித்து எழுத வேண்டும். அதற்கு அவருக்கு யாரும் பயிற்சி தரவில்லை. திரும்பத் திரும்பக் கட்டணம் கட்டி, திரும்பத் திரும்ப அதே மதிப்பெண்ணை வாங்குகிறவர்கள் அந்த இடத்தில்தான் சிக்குகிறார்கள். வாசல் திறந்திருக்கிறது, உள்ளே போகப் படி இல்லை.

பிரிட்டனில் செவிலியர் பதிவுக்கு நடந்ததே இதற்குச் சாட்சி. அங்கே பதிவு செய்ய ஐ.இ.எல்.டி.எஸ்-ஸில் எல்லாப் பிரிவிலும் 7 வேண்டும் என்று இருந்தது. பல ஆண்டுகள் வார்டில் வேலை பார்த்த செவிலியர்கள் எழுத்துப் பிரிவில் மட்டும் தடுக்கப்பட்டார்கள். 2017-ல் அந்நாட்டுச் செவிலியர் கவுன்சில் ஓ.இ.டி. என்ற மாற்றுத் தேர்வை ஏற்றது; 2018-ல் ஐ.இ.எல்.டி.எஸ். எழுத்துக்கு மட்டும் 6.5 போதும் என்று இறக்கிக்கொண்டது. ஓ.இ.டி. ஆஸ்திரேலியாவில் 1980-களின் பிற்பகுதியில், மருத்துவப் பணியாளர்களுக்கென்றே உருவானது. அதன் எழுத்துப் பிரிவில் மிருகக்காட்சிசாலை கிடையாது. ஒரு நோயாளியின் கேஸ் நோட்ஸ் கொடுப்பார்கள்: வயது, சேர்ந்த தேதி, சர்க்கரை அளவு, தரும் மருந்துகள், புண்ணின் நிலை, வீட்டில் உடனிருப்பவர் யார், போன வருடம் நடந்த பல் சிகிச்சை. 5 நிமிடம் படிக்க, 40 நிமிடம் எழுத. வீட்டுக்கு அனுப்பும்போது சமூகச் செவிலியருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும், 180 முதல் 200 சொற்களில். பல் சிகிச்சையைச் சேர்ப்பதா விடுவதா? படிக்கப்போகும் செவிலியருக்கு முதல் வரியில் என்ன தெரிய வேண்டும்? மருந்தின் அளவு மாறியதை எங்கே சொல்வது? இதற்குத் தயாராகிறவர் கேஸ் நோட்ஸைப் படித்துச் சலித்தெடுக்கப் பழகுகிறார். கடிதத்தின் தொடக்க வரியையும் முடிவு வரியையும் அவரும் மனப்பாடம் செய்துதான் போகிறார். நடுவில் இருப்பதை மனப்பாடம் செய்ய முடியாது. அது தேர்வு அறையில்தான் கிடைக்கும்.

துறை அறிவைக் கேட்டால் அது மொழித் தேர்வாக இருக்காதே, ஒரு துறை அறிந்தவருக்குச் சலுகை ஆகிவிடாதா என்று கேட்கலாம். அதனால்தான் பொருளைக் கேள்வித்தாளிலேயே கொடுக்க வேண்டும் என்கிறேன். இதில் புதுமை எதுவும் இல்லை. பிரிட்டிஷ் அரசு அலுவலகத் தேர்வுகளில் 19-ஆம் நூற்றாண்டிலேயே பிரெசி என்ற சுருக்கி எழுதும் பயிற்சி இருந்தது, யு.பி.எஸ்.சி-யின் கட்டாய ஆங்கிலத் தாளில் இன்றும் இருக்கிறது. ஒரு பகுதியைக் கொடுத்து மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கச் சொன்னால், எழுத எல்லோருக்கும் ஒரே பொருள்தான். கிராமத்தில் படித்தவரானாலும் கான்வென்டில் படித்தவரானாலும் வாசித்து, எது முக்கியம் என்று முடிவெடுத்து, சொந்த வாக்கியத்தில் சொல்லியாக வேண்டும். திருத்துவதும் எளிது: முக்கியமான கருத்து இருக்கிறதா, இல்லையா என்பதில் டீட்ரிச்சின் 53 பேரும் ஏறத்தாழ ஒத்துப்போவார்கள். பிரெசி சலிப்பூட்டும் பயிற்சி என்று பள்ளிகளில் பெயர் வாங்கியிருக்கிறது. அலுவலகத்தில் ஒரு கோப்பைப் படித்துக் குறிப்பு எழுதிய எவரும் அதன் அருமையை அறிவார்கள்.

பொருள் கொடுத்த கேள்விக்கும் டெம்ப்ளேட் வரும் என்பதை நான் மறுக்கவில்லை. டோஃபலில் 2005 முதல், ஒரு பகுதியைப் படித்து, அதை மறுக்கும் உரையைக் கேட்டு, இரண்டையும் ஒப்பிட்டு எழுதும் கேள்வி இருந்தது. அதற்கும் சட்டகம் வந்தது. ஆனால் சட்டகத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் கேட்டதை நிரப்பியாக வேண்டும், கேட்காதவருக்கு அது வெற்றுக் கட்டம். அதே தேர்வில் 30 நிமிட அபிப்பிராயக் கட்டுரையும் பக்கத்திலேயே இருந்தது. 2009 முதல் அதை மனிதரோடு சேர்ந்து இ-ரேட்டர் என்ற மென்பொருளும் மதிப்பிட்டது. அடையாளங்களைத் தேடி மதிப்பெண் போடும் வேலையை இயந்திரத்திடம் கொடுக்க முடிந்ததே, அந்தக் கேள்வி எதைக் கேட்டது என்பதைக் காட்டுகிறது. 2023 ஜூலையில் அந்தக் கட்டுரை கைவிடப்பட்டது. அந்த இடத்தில், ஒரு பேராசிரியரின் கேள்வியையும் இரண்டு மாணவர்களின் பதில்களையும் கொடுத்து, அந்த விவாதத்தில் சேர்ந்து 10 நிமிடத்தில் எழுதும் கேள்வி வந்தது. 10 நிமிடம் போதாது. கொடுக்கப்படும் பொருளும் மெல்லியது. என்றாலும் பதில் சொல்வதற்கு எதிரே இரண்டு பேர் இருக்கிறார்கள். ஐ.இ.எல்.டி.எஸ். டாஸ்க் 2-ல் 1995-க்குப் பிறகு அப்படி யாரும் இல்லை. அதை நடத்துகிறவர்களிடம் 1980-ன் கட்டுரைத் தொகுப்புகள் இருக்கின்றன. படித்து எழுதவைத்த அனுபவமும் இருக்கிறது. கோச்சிங் சென்டர்களைத் திருத்துவதற்கு முன்னால் அவர்கள் அந்தப் பழைய தாள்களை ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும்.